தோணிக்கு ஒரு டப்பா தார்

தூர்த்த குளத்தின் மேல் இன்று ரோடு போடுகிறார்கள். அந்தத் தார் வாசனை, அந்தக் குளத்தில் தாமரை பறிக்க அத்தை வாங்கிய பழைய தோணியின் வாசனை. விற்க வந்தவர் அதன் அடிப்பக்கத்துக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார். அத்தையோ கரையில் வைத்தே அதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கல்லில் உரசித் தேய்ந்த இடங்களிலெல்லாம் தண்ணீர் வெளியே கசிந்தது.

“பெயிண்ட் அடிச்சா ஓட்டை அடைஞ்சிருமா அண்ணாச்சி?”

தெரிந்தே அதை வாங்கி, தறித்துணியைத் தாரில் முக்கி ஒட்டினாள். அதன்பின் தோணியைத் தரையில் இழுக்க யாரையும் விட்டதில்லை, தூக்கித்தான் போகவேண்டும்.

இப்போது அது என் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. ரோடு போடுகிறவனிடம் ஒரு டப்பா தார் கேட்டேன்.

“தோணிக்கா? கொளமே இல்லயேக்கா!”

“எங்கன போச்சு? ஒன் ரோட்டுக்கு அடியிலதான் கெடக்கு. மழை வரட்டும் தம்பி.”