கற்பூரமா, கிளச்சா?

கற்பூரப் புகை... கூடவே ஏதோ கருகுகிற நாற்றம். இரண்டும் கலந்த ஒரு வாசனை. தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் றக்வானை டவுனிலிருந்து எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு ஏறுகிற ரோட்டில், முனியாண்டி வளைவுக்கு வந்தால் போதும், அது மூக்கில் ஏறிவிடும். சாமி வாசனை என்றே நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. எஸ்டேட் வேன் டிரைவர். நோயாளிகளையும் கிளினிக் போகிற தாய்மார்களையும் டவுனுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது வேலை. எங்கள் லயத்து வீடுகளில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் நான்தான். அந்த ஒரே தகுதிக்காகப் பக்கத்து டிவிஷனில் பெண் தரச் சம்மதித்து, தையில் கல்யாணமும் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கிளச் போனது. மாற்றி நாலு மாதத்தில் மறுபடியும் போனது.

எஸ்டேட் மேனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டு ஆபீஸ் வாசலிலேயே நிற்க வைத்தார்.

"இன்னொரு தடவ க்ளச் போனா சாவிய மேசைல வச்சிட்டு, கவ்வாத்துக் கத்திய எடுத்துக்க."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவர் மாப்பிள்ளை என்று பேசியவர்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மாப்பிள்ளைக்குப் பெண் தருவார்களா?

டவுனில் வேனைப் பழுது பார்க்கிறவர் குணதாச பாஸ். சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவார்; தம்பி என்பதற்கு 'மல்லி' என்பார். "மல்லி, நீ க்ளச்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டுற, நேத... அப்பிடித்தானே?" என்றார். மறுநாளிலிருந்து, கியர் மாற்றுகிற நேரம் தவிர இடது காலைத் தள்ளியே வைத்தேன். கால் மரத்துப்போனதுதான் மிச்சம். புதுக் கிளச்சும் தேய ஆரம்பித்துவிட்டது. கியர் மாற்றுவதில் பிழையா? வேனில் பாரம் கூடிப்போச்சா? ஒரு மண்ணும் விளங்கவில்லை.

விளங்காதவன் கடைசியில் எங்கே போவான்? சாமியிடம்தான்.

நல்ல ஏற்றத்தில், வளைவோரமாக முனியாண்டி கல். அங்கே நிற்காமல் எந்த வண்டியும் போகாது. நோயாளிகளுக்குத் துணையாக வருகிற செல்லம்மாக்காதான் இறங்கிப்போய்க் கற்பூரம் ஏற்றுவார்.

"அக்கா, க்ளச்சுக்கும் சேத்துக் கும்புடுங்க."

"அப்ப ஒரு கட்டி காணாதுடா தம்பி. மூணா ஏத்துறேன். அணையிற மட்டும் அசையாத."

அசையவில்லை. தினமும் அப்படியே நின்றேன். கிளச் இன்னும் மோசமானது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் பாஸே வேனில் ஏறி உட்கார்ந்தார். வழி நெடுக என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு குறையும் இல்லை. அவருக்கும் குழப்பம். வளைவு வந்ததும் அவரும் இறங்கிக் கும்பிட்டார், எல்லோரையும் விட நீளமாக. திரும்பி வந்தவர் கதவைப் பிடித்தபடி மோந்து பார்த்தார். கற்பூரம் அணைந்துவிட்டது. கருகுகிற நாற்றம் மட்டும் போகவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார்.

"தெய்யனே! ஹேண்ட் பிரேக் எங்க?"

"சாமி முன்னால போடக் கூடாது பாஸ்."

எனக்கு முன்னால் அந்த வேனை ஓட்டிய டவுன்காரர் பழக்கிவிட்டது அது. 'நீ புடிச்சிக்க சாமி'ன்னு விட்டுரணும், பிரேக் போட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிரும் என்பார். அதனால் பாதிக் கிளச்சில், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ஏற்றத்தில் வேனைத் தொங்கவிட்டுக்கொண்டே நிற்பேன். கற்பூரம் அணைகிற மட்டும்.

பாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாமி புடிக்கல மல்லி, க்ளச் பிளேட் புடிக்குது! அதுக்காக நான் அங்க கும்புடுறேன், நீ இங்க அதையே எரிச்சிக்கிட்டு இருக்கிற!"

மறுநாள் அதே வளைவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அந்தக் கிறீச் சத்தத்தில் வேனில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடா தம்பி, சாமிய நம்ப மாட்டியா?" என்றார் செல்லம்மாக்கா.

"சாமிக்கும் கை வலிக்கும்ல அக்கா..."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் இறங்கிப்போய்க் கற்பூரம் ஏற்றினார்.

பாதி தேய்ந்த அந்தக் கிளச் தை வரைக்கும் தாங்கியது. கல்யாணமும் நடந்தது. ஹேண்ட் பிரேக்தான் காப்பாற்றியது என்றார் பாஸ். 'அன்னைக்கே முனியாண்டிக்குச் சேவல் நேந்துகிட்டேன், அதுதான்' என்றார் செல்லம்மாக்கா. 'எல்லாம் என் ராசி' என்கிறாள் என் பொண்டாட்டி. யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்கவும் தைரியம் வந்ததில்லை.

போன மாதம் நானும் அவளும் அந்த ரோட்டில் போனோம். இப்போது ஓட்டுவது ஆட்டோ கியர் கார்... கிளச்சே கிடையாது. வளைவில் நிறுத்தி, மறக்காமல் ஹேண்ட் பிரேக் போட்டேன். அவள் இறங்கிக் கற்பூரம் ஏற்றினாள். இல்லாத பெடலை என் இடது கால் தேடிக்கொண்டிருந்தது.

கற்பூரம் மட்டும்தான் மணத்தது. எனக்கென்னவோ, சாமி பாதிதான் வந்த மாதிரி இருந்தது.