குழாய் கட்டும் ஆஞ்சப்பனின் பல்பு டப்பா

கோவிந்தப்பன் ஓசூரில் மைக் செட் வாங்கிய 1952-ஆம் வருஷத்திலிருந்து, குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றிக் கட்டுகிற வேலை ஆஞ்சப்பனுடையது. செட் நன்றாகப் பாடினால் நல்ல பேர் கோவிந்தப்பனுக்கு. நின்றுபோனால் கெட்ட பேர் ஆஞ்சப்பனுக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

கோவிந்தப்பன் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. மத்திகிரிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர், ஆசைப்பட்டு செட் வாங்கியவர். அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் முழுசாகத் தெரியாது. அதைக் கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே ஒப்புக்கொள்வாரா? பாட்டு நின்ற கையோடு அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்.

"டேய் ஆஞ்சா! கொழாய என்னாடா பண்ண?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மறுநாள் பெங்களூர் ரிப்பேர் கடையில் பெட்டியைத் திறந்தால் வால்வு போயிருக்கும். இல்லையென்றால் பேட்டரி சோர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சேதி, ஆஞ்சப்பன் திட்டு வாங்கிய ஊருக்குப் போய்ச் சேராது. கோவிந்தப்பனும், குழாயைக் கட்டிய கோளாறில்தான் பெட்டி கெட்டது என்று நினைத்துக்கொள்வார். "உன் வூட்டுக்காரன் கொழாய ஒடச்சிட்டானாமே" என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் முனிலட்சுமியிடம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது ஆஞ்சப்பன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். போதாக்குறைக்கு கோவிந்தப்பனும் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி கொழாய் ஊமையாச்சின்னா, நீ வரவே வேணாம்."

தான் கெடுக்கவில்லை என்று காட்ட வேண்டும். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

குந்தாரப்பள்ளிச் சந்தையில் நசுங்கிப்போன டார்ச் லைட் ஒன்று கிடைத்தது. அதன் பல்பையும் இரண்டு பேட்டரிக் கட்டைகளையும் ஒரு பவுடர் டப்பாவுக்குள் அடக்கி, இரண்டு ஒயரை வெளியே விட்டான். ஒயர் முனைகளைச் சேர்த்தால் பல்பு எரிந்தது. குழாயில் ஒயர் மாட்டும் இரண்டு திருகாணிகளில் வைத்தபோது மங்கலாக எரிந்தது. சரி, குழாய் கெட்டுத்தான் போயிற்று என்று அன்று முழுக்க மனசு ஒடிந்து கிடந்தான். மறுநாள், கணீரென்று பாடுகிற இன்னொரு குழாயில் வைத்துப் பார்த்தான். அதிலும் மங்கல்தான். அப்போதுதான் புரிந்தது: மங்கலாக எரிந்து, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் குழாய் சுகமாக இருக்கிறது. பளிச்சென்று எரிந்தால் உள்ளே கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரியவே இல்லையென்றால் அறுந்திருக்கிறது.

ஒயரைச் சோதிக்க அதன் ரப்பரைச் சீவ வேண்டியிருந்தது. இடத்துக்கு இடம் சீவினால் ஒயர் என்ன ஆகும்? ஒயர் முனைகளில் ஊக்குகளைக் கட்டினான். ரப்பரைக் குத்தினால் போதும், உள்ளிருக்கும் கம்பியை அது தொட்டுவிடும்.

"எம் ஊக்கெல்லாம் எங்க போவுது?" என்று முனிலட்சுமி சத்தம் போட்டாள். அவன் டப்பாவைக் காட்டினான். "இதுக்கு ஊக்கு போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும் மரம் ஏறுமுன் எல்லார் கண் முன்னாலும் குழாயையும் ஒயரையும் சோதித்துக் காட்டினான். ஜனங்களுக்கு அதுவே வேடிக்கையாகிவிட்டது. கோவிந்தப்பன் முதலில் கேலி செய்தார். இரண்டு முறை, பல்பு சோதனையில் தேறிய குழாய் நின்றுபோய், பெட்டியில்தான் கோளாறு என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு, அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

1957 வைகாசியில் பாகலூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் பாட்டு நின்றது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் திட்டு விழுந்தது. கோவிந்தப்பன் பெண்ணின் தகப்பனாரிடம் கைகூப்பினார்.

"எம் பெட்டிதாங்க மக்கர் பண்ணுது. மன்னிச்சுக்குங்க."

பெட்டியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சப்பன் எதற்கும் பார்ப்போம் என்று டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு புளியமரம் ஏறினான். ஒயரைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தொட்டான். மங்கல், 'டக்'. குழாயில் குறையில்லை. அதற்குக் கீழே, காலையில் மரத்தின் மேல் உட்கார்ந்து அவனே இரண்டு துண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கிய இணைப்பு இருந்தது. அதன் இந்தப் பக்கம் ஒரு ஊக்கு, அந்தப் பக்கம் ஒரு ஊக்கு குத்தினான். பல்பு எரியவில்லை. இன்னொரு முறை குத்தினான். எரியவில்லை.

கீழே சோதித்தது சரி. மேலே வந்து போட்ட இணைப்பை யார் சோதித்தார்கள்? கீழேதான் பல்பு எரிந்துவிட்டதே என்ற தைரியத்தில், ஒயருக்குத் தொய்வு விடாமல் இழுத்துக் கட்டியிருந்தான். காற்றில் கிளை ஆடியதில், முறுக்கின் மேல் சுற்றிய டேப்புக்குள்ளேயே கம்பி விலகிப்போயிருந்தது.

முறுக்கிவிட்டு இறங்கினால் போதும். பெட்டியைத் தட்டியதில் சரியாகிவிட்டது என்று கோவிந்தப்பன் நினைத்துக்கொள்வார். எவனுக்கும் தெரியப்போவதில்லை. இணைப்பை இறுக்க முறுக்கி, இந்த முறை தொய்வு விட்டுக் கட்டி, ஒயரைக் குழாயில் திருகினான். பாட்டு வந்தது. கூட்டம் பந்தலுக்குத் திரும்பியது. அவன் இறங்கி நேரே கோவிந்தப்பனிடம் வந்தான்.

"பெட்டில ஒண்ணுமில்ல சாமி. நான் போட்ட முறுக்குதான் வுட்டுப்போச்சு. எந் தப்புதான்."

கோவிந்தப்பன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். முன்பெல்லாம் ஆதாரம் இல்லாமலே திட்டியவருக்கு, ஆதாரம் கைக்கு வந்த அன்று திட்டத் தோன்றவில்லை. பெட்டியின் மூடியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்போ... முன்னெல்லாம் ஆனது?"

"அதெல்லாம் நான் இல்ல சாமி."

"ம்," என்றார் கோவிந்தப்பன். அன்றுதான் அவர் அதை நம்பினார்.