மயிலாளுக்குப் பூக் கேட்ட கதை

அன்னைக்குத் திருப்பூர்ல பனியன்னா வெள்ளைதான். வேற நிறம் உண்டான்னு கேட்டாச் சிரிப்பாங்க. நல்லூர்ல சலவைப் பட்டறை வெச்சிருந்த ஆத்தப்பனுக்குச் சோலியே பழுப்பா வர்ற துணியை வெளுத்து அனுப்பறதுதான். அப்பேர்ப்பட்டவரு மக மயிலாளுக்குச் சாயத்து மேல பைத்தியம் புடிச்சா எப்படி இருக்கும், சொல்லுங்க!

அறுபத்துமூணுல அவ கோயமுத்தூர்ல பி.யூ.சி. பாஸ் பண்ணிட்டு, அடுத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான்னு நின்னா. பெரியப்பன் கிட்டுசாமி துண்டை உதறிட்டு எந்திரிச்சாரு. குடும்பத்துக்கு மூத்தவரு, பனியன் கம்பெனி முதலாளி, அவரு பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது.

"கணக்குப் படிக்கட்டும். கணக்கு டீச்சருக்கு ஊரூருக்கு வேலை இருக்குது. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு வந்து இங்க எவன் கம்பெனியில சாயம் போடுவா? கணக்கு வேண்டாம்னா ஊட்டோட இருக்கட்டும், மாப்பிள்ளை பாக்கலாம்."

அவரு சொன்னதுலயும் நாயம் இல்லாம இல்லீங்க. ஆத்தப்பனும், "அண்ணன் சொல்றதுதான் சரி கண்ணு"ன்னுட்டாரு.

மயிலாள் அழுகுற சாதியில்லை. "ஒருக்கா எங்கூட வாங்கப்பா"ன்னு பசீர் அகமது பாயோட சாயப்பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனா. கைத்தறிச் சேலை நூலுக்கு அவரு நீலச்சாயம் போட்டுட்டு இருந்தாரு.

பாய் ஒரு சிட்டம் நூலைத் தொட்டிக்குள்ள முக்குனாரு. தொட்டித் தண்ணி மஞ்சளும் பச்சையுமாக் கெடந்துச்சு. வெளிய வந்த நூலும் பச்சை.

"நீலம் எங்கீங்க பாய்?"ன்னாரு ஆத்தப்பன்.

"செத்த பொறுங்க மொதலாளி."

நூலைக் காத்துல தூக்கிப் புடிச்சாரு பாருங்க! யாரும் தொடலை, எதையும் ஊத்தலை. பச்சை மெல்ல மெல்ல இருண்டு, கண்ணு முன்னாலயே அத்தனையும் நீலமாகிப் போச்சு. அடேங்கப்பா! ஆயுசு பூரா நிறத்தை அழிச்சே சோறு தின்ன மனுசன், ஒரு நிறம் பொறக்கறதை அன்னைக்குத்தான் பாத்தாரு. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கை ரெண்டும் தானாக் கும்பிட்டுருச்சு.

"இது எப்படீங்க பாய்?"

"காத்துப் பட்டா ஆயிருதுங்க. ஏன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அந்த ஏனைத்தானுங்கப்பா நான் படிக்கோணுங்கறேன்"ன்னா மயிலாள்.

ஆத்தப்பன் அந்த நூலைத் தொட்டுப் பாத்தாரு. ஊடு வந்து சேர்றவரைக்கும் விரல்ல ஒட்டுன நீலத்தையே பாத்துட்டு வந்தாரு.

அடுத்த வாரம் அவரே அண்ணங்கிட்டப் போயி, "மாரியம்மன் கோயில்ல பூக் கேட்டுரலாமுங்கண்ணா"ன்னாரு. கல்யாணமோ கெணறு வெட்டறதோ, நம்ம சனம் பூக் கேக்காம காலெடுத்து வைக்காது. வெள்ளைப் பூவை ஒரு இலையில, செவப்பை இன்னொரு இலையில மடிச்சு ஆத்தா முன்னால வெச்சா, பூசாரி ஒண்ணை எடுப்பாரு. வெள்ளை வந்தாக் கணக்கு, செவப்பு வந்தாக் கெமிஸ்ட்ரி. சாமி வாக்குன்னதும் பெரியப்பன் தலையாட்டிட்டாரு.

பொட்டலம் ரெண்டையும் ஆத்தப்பனே மடிச்சுக் கட்டுனாரு. கோயில் வாசல்ல பொய் பேசுனா நாக்கு அழுகீரும்னு நம்பற ஆளு, அவரைச் சந்தேகப்பட யாரிருக்கா?

பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு. செவப்பு அரளி!

பெரியப்பன் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "ஆத்தாளே சொல்லிப்போட்டா, அப்பறம் நானென்ன சொல்றது? போயிப் படி கண்ணு." பின்னால அவ கெமிஸ்ட்ரி டீச்சரா வேலைக்கும் போனா. எழுபதுகள்ல கலர் துணிக்கு ஆர்டர் வந்தப்ப, இதே பெரியப்பன் அவ வாசல்ல வந்து நின்னு சாயத்துக்கு யோசனை கேட்டாரு. அது கெடக்கட்டும்.

அன்னைக்குக் கோயில்ல எல்லாரும் வெளிய போனப்பறம் தட்டுல மீந்த பொட்டலத்தை மயிலாள் எடுத்தா. வெள்ளைப் பூவை ஆத்தா காலடியில போட்டுரலாம்னு பிரிச்சா, உள்ள இருந்ததும் செவப்பு.

திரும்பிப் பாத்தா, தூணோரமா அப்பா.

"ஐயோ அப்பா! சாமி குத்தமாயிராதுங்களா?"

ஆத்தப்பன் அந்தப் பூவை வாங்கி அம்மன் காலடியில வெச்சாரு.

"ஆத்தாளுக்குத் தெரியும் கண்ணு. பூக் கேட்டது உங்க பெரியப்பனுக்காக. குத்தமானா எனக்கு ஆகட்டும். காத்துப் பட்டா ஏன் நீலமாகுதுன்னு நீ படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லு."