எனக்கும் ஒரு ஜன்னல்

சென்னையில் சிநேகிதிகளைப் பார்க்க மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி புதுக் கிரேயான் டப்பாவைத் திறந்தாள். அந்த மெழுகு வாடை என்னைப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனது.

எதிர்வீட்டு ரோசலியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அவர் வாங்கிவந்த கிரேயான் அவளுடையது, வரையும் கை என்னுடையது. பெரியவர்களானதும் இருவரும் மெட்ராஸ் போய்ச் சித்திரம் படிப்பதாகப் பேசிவைத்திருந்தோம். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபின், யார் பிரெஞ்சுக்காரராகவே இருக்க எழுதிக்கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று தெருவெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். எனக்கு அதெல்லாம் புரியாது.

ஒருநாள், "கப்பல் போடுடி, பெரிசா" என்றாள். போட்டேன்.

"ஜன்னல் வையி. அம்மாவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு."

"எனக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒனக்கும் ஒண்ணு வெச்சுக்க."

அந்த ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் தீட்டினேன்.

மறுவாரம் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. "பிரான்சுக்குக் கப்பலேறிட்டாங்களே, ஒங்கிட்ட சொல்லலியா?" என்றாள் பக்கத்துவீட்டு அக்கா. படத்தையும் கொண்டுபோய்விட்டிருந்தாள் ரோசலி. சின்னப்பிள்ளைதானே, பெற்றவர்கள் வாயைத் திறக்காதே என்றிருப்பார்கள் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை. அந்தக் கப்பலை அவள் கேட்காமலே இருந்திருக்கலாம், நான் ஜன்னல் கேட்டபோது தராமலாவது இருந்திருக்கலாம்.

பத்திரிகைகளுக்குப் படம் போட்டே பிழைத்தவள் நான்.

"பாட்டி, கப்பல் வரையத் தெரியுமா?" சிறுமி கிரேயானை நீட்டினாள்.

"தெரியாது" என்றேன்.