பதினோரு மணி சூப்

தையல்காரியின் கணவர் பஸ் ஓட்டுபவர். புற்றுநோய் என்று தெரிந்து கீமோ ஏற ஆரம்பித்ததும் தட்டைக் கண்டாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆள் பாதியாகிவிட்டார். வழக்கமான மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் கஞ்சாச் செடியின் சத்தை வைத்துச் செய்த மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். வாந்தி நிற்கும், பசி எடுக்கும் என்றார்.

காலையில் மாத்திரையை விழுங்க வைத்த கையோடு அவள் ஊட்டிப் பார்ப்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலுத்துப்போய் முன்னறைக்கு வந்து மெஷினில் உட்காருவாள். பதினோரு மணிவாக்கில் கொழுந்தன் மனைவி ஃபிளாஸ்க் நிறைய தக்காளி சூப்போடு வருவாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் சிட்டு. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். "இன்னும் ஊத்தும்மா" என்பார் அவர்.

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

"என் கை என்ன விஷமா?" என்று அன்று கேட்டே விட்டாள்.

"வாய்க்குப் பிடிக்கல. நான் என்ன பண்ண?"

"அவ வந்தா மட்டும் இனிக்குதோ!"

நேராக மருந்துக்கடைக்குப் போய், கடைக்கார அம்மாளிடம் குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாத்திரையில ஆம்பளைங்க புத்தி கெட்டுப் போகுமா? கண்ணு சிவந்து, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சிரிக்கிறார்."

"அது மருந்தோட வேலைம்மா. மூளையில பசி, குமட்டல், சந்தோஷம்னு அதது நடக்கிற இடத்துல போய் ஒட்டிக்கும். நம்ம உடம்பே அந்த மாதிரி ஒண்ணைக் கொஞ்சமா சுரக்குது. இது அதையே பலமா பண்ணுது. வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், நேரம் போகாத மாதிரி இருக்கும். சாப்பாடு எப்பக் குடுக்கிறீங்க?"

"மாத்திரை போட்ட உடனே."

"புகைச்சாதான் சட்டுனு ஏறும். முழுங்கினது வயிறு, கல்லீரல்னு சுத்தி வரணும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். பொறுத்துக் குடுங்க."

மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வழியிலேயே சிட்டுவுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு சீக்கிரமே வந்துடு. காலையிலயே பசிக்குதாம்."

மறுநாள் சிட்டு விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். மாத்திரை அப்போதுதான் உள்ளே போயிருந்தது. இரண்டாவது கரண்டியிலேயே அவர் வாந்தி எடுத்துவிட்டார். போர்வையெல்லாம் தக்காளி.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று அழுதாள் சிட்டு.

தையல்காரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விலா எலும்பு தெரிய அவர் குனிந்து மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல. இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் வரச் சொன்னேன்" என்று கடையில் கேட்டதையெல்லாம் கொட்டினாள்.

சிட்டு அவளை முறைத்தாள். பிறகு போர்வையை உருவிக்கொண்டு துவைக்கப் போனாள்.

கொஞ்சம் தேறி, மாத்திரை வேலை செய்து பசி எடுத்தபோது அவரே கேட்டார், "ஏதாவது இருக்கா?" தையல்காரி வெண்ணெயில் முட்டை பொரித்துக் கொடுத்தாள். தட்டை வழித்தார். நல்லாருக்கு என்றார்.

அவளால் வாயை அடக்க முடியவில்லை. "அவ சூப்பை விடவா?"

அவர் யோசித்தார். நேரம் அவருக்கு மருந்தால் இழுபட்டது, அவளுக்கு மருந்தே இல்லாமல் இழுபட்டது.

"உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார்.

குளியலறையிலிருந்து சிட்டு சிரித்தது கேட்டது.