நாகரத்தினம் சுற்ற மறுத்த கம்பி

நாகரத்தினத்துக்குப் புகையே ஆகாது. ஊதுவத்திப் புகைக்கே நாலு தும்மல் போடுகிற ஆள். அப்படிப்பட்டவள் பிளானோவில் ஒரு வேப் கடையின் பின்மேசையில் இரண்டு வருடமாக உட்கார்ந்து, மின்சிகரெட்டுக்குள் சூடேறுகிற கம்பிச் சுருள்களை, அதாவது காயில்களை, கையால் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். டாலஸ் வட்டாரத்தில் அவளைப் போல டைட்டானியக் கம்பி சுற்ற இன்னொரு ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம்.

கம்பி அவளுக்குப் புதிதல்ல. டிப்ளமோ முடித்த கையோடு கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சேர்ந்து, பதினோரு வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவள். கடைசி நாலு வருடம் அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர். பிறகு கணவர் சேனாபதியின் மென்பொருள் சோதனை வேலை இருவரையும் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து போட்டது. வேலை பார்க்க அனுமதி இல்லாமல் ஏழு வருடம் வீட்டில் இருந்தாள். தெரிந்தவர்கள் வீட்டு மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அந்த ஏழு வருடத்தில் அவள் கையால்தான் பிழைத்தன.

க்ரீன் கார்டு வந்த மாதம், இந்தியன் ஸ்டோரில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், பக்கத்துக் கடைக் கண்ணாடி வழியாக ஒரு காட்சியைப் பார்த்தாள். ஒருவன் மெல்லிய கம்பியை ஒரு சின்ன உலோகக் குச்சியில் சுற்றப் பார்க்கிறான். கம்பி எழுந்து எழுந்து நிற்கிறது. மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை பொறுக்க முடியவில்லை. உள்ளே போய்க் கையை நீட்டினாள். அவன்தான் கடை முதலாளி ஆர்யன், நியூஜெர்சியின் எடிசனில் பிறந்து வளர்ந்த குஜராத்திப் பிள்ளை, முப்பது வயது. அடுத்த வாரம் அவள் அங்கே வேலையில் இருந்தாள்.

முதல் வாரமே சறுக்கினாள். மோட்டார்க் கம்பிக்கு மேலே எனாமல் பூச்சு உண்டு. அதனால் சுற்றோடு சுற்று ஒட்டி, இடைவெளியே தெரியாமல் கட்ட வேண்டும், அதுதான் அழகு. அந்தப் பழக்கத்தில் இதையும் நெருக்கிச் சுற்றிக் கொடுத்தாள். பார்க்க நகை மாதிரி இருந்தது. ஆனால் டைட்டானியம் வெறுங்கம்பி. ஒட்டிய இடத்தில் மின்சாரம் குறுக்கே பாயும், ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். வேறு கம்பி என்றால் சும்மாவே பழுக்கக் காய்ச்சிச் சரிசெய்துவிடலாம். டைட்டானியத்தை அப்படிப் பழுக்க விட்டால் மேலே வெள்ளைப் பொடி கிளம்பும், அதை யாரும் நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. மூன்று பேர் காயிலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பதினோரு வருட சர்வீஸ்காரிக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த ஞாயிறு முழுக்க வீட்டில் ஒரு போல்ட்டின் மரையில் கம்பியை ஓட்டி ஓட்டிப் பழகினாள். மரையின் பள்ளம் இடைவெளியைக் காத்துக் கொடுத்தது. இரண்டு மாதத்தில் போல்ட் தேவைப்படவில்லை, கண்ணே அளந்தது.

கம்பி எடுப்பதிலும் கறார்தான். கலப்பில்லாத முதல்தர டைட்டானியம், பூச்சு எதுவும் இல்லாதது, அது மட்டும்தான் மேசைக்கு வரலாம். புது ரீல் வந்தால் ஒரு சாண் வெட்டி விரலில் வளைத்துப் பார்ப்பாள். நல்ல கம்பி வளைத்தால் வளைத்தபடி இருக்கும். பிறகு மூன்று மில்லிமீட்டர் குச்சியில் பத்துச் சுற்று, ஓம் மீட்டரில் புள்ளி மூன்று எட்டு காட்ட வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். புகை நல்லது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. விட முடிந்தால் விட்டுவிடுங்கள் என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லி ஆர்யனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டதுண்டு. இழுப்பது அவர்கள் பாடு, கம்பி என் பாடு என்பது அவள் கணக்கு.

இதில் அவளுக்கு ஒரே குறை சேனாபதிதான். நல்ல மனிதர், வேலைக்குப் போகாதே என்று சொன்னதில்லை. ஆனால் யாராவது கேட்டால், "எலக்ட்ரானிக்ஸ் சைடுல பார்ட் டைம் பண்றாங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூடக் கடைக்குள் கால் வைத்ததில்லை. அவர் மறைப்பது சிகரெட்டை அல்ல, அவள் கைத்தொழிலைத்தான் என்று அவளுக்குப் பட்டது. வலித்தது. ஒரே ஒரு தடவை உள்ளே வந்து, தான் செய்வதைப் பார்க்க மாட்டாரா என்று இருந்தது. வாய்விட்டுக் கேட்க மனம் வரவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோவில் சேனாபதியின் நண்பர் பிச்சுமணி வீட்டில், மகள் ஷ்ரேயாவின் கிராஜுவேஷன் பார்ட்டி. நாலு மணிக்குக் கடை வாசலில் வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதே நாளில் ஆர்யன் ஒரு பெரிய வாடிக்கையாளர் குழுவுக்கு நாற்பது காயில் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பதினெட்டு முடிந்தபோது பழைய ரீல் கிட்டத்தட்டத் தீர்ந்தது. புது ரீலைப் பிரித்தாள். வெளியே டைட்டானியம் என்றுதான் எழுதியிருந்தது. ஒரு சாண் வெட்டி வளைத்தாள். விரலை எடுத்ததும் கம்பி துள்ளி நிமிர்ந்தது. பத்துச் சுற்றுச் சுற்றி மீட்டரில் வைத்தாள். ஒன்றுக்கு மேலே காட்டியது.

ரீலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, இதில் சுற்ற மாட்டேன் என்று ஆர்யனிடம் சொன்னாள்.

ஆர்யன் விடவில்லை. எண்தானே கூடுதலாக இருக்கிறது, சுற்றைக் குறைத்தால் எண் இறங்கிவிடுமே ஆன்ட்டி, ஐந்து சுற்றுப் போடுங்கள் என்றான். எண் இறங்கும், கம்பி மாறாது என்றாள் அவள், தன் கோவை இங்கிலீஷில். இந்த மின்சிகரெட் மெஷின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கம்பியின் ரெசிஸ்டென்ஸ் ஏறுவதை வைத்து ஊகிக்கிறது. இது ஏதோ கலப்புக் கம்பி, சூடேறினாலும் இதன் ரெசிஸ்டென்ஸ் ஏறாது. கம்பி பொய் சொன்னால் மெஷின் நம்பும், காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கிற பஞ்சு கருகும், கருகியது ஒருவர் நெஞ்சுக்குள் போகும். ஆர்யன் கெஞ்சினான். அப்புறம் குரலை உயர்த்தினான். கடை யாருடையது என்பது வரைக்கும் பேச்சு போனது. இந்த வேலை போனால் இன்னொன்று சுலபத்தில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ரீலைத் தொடவில்லை.

மணி நாலரை. ஃபோனை எடுக்கவில்லையே என்று சேனாபதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பார்ட்டிக்கான பட்டுச்சட்டை, கையில் பரிசுப் பை. இப்படி ஒரு நேரத்திலா வர வேண்டும் என்று நாகரத்தினத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆர்யன் அவரைப் பிடித்துக்கொண்டான். அங்கிள், நீங்களாவது சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலை என்றான்.

சேனாபதி மனைவியைப் பார்த்தார். "என்னாச்சு ரத்தினம்?"

"கம்பி செரியில்லீங்க. வேற எதோ கலந்திருக்குது. சுத்த மாட்டேன்னு சொல்லீட்டேன்."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

அவர் பார்வை ஓரமாக மூடி வைத்திருந்த ரீல் மேல் போனது. போன வருடம் அவருடைய ஆபீசில் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மென்பொருளில் பிழை இருக்கிறது என்று தெரிந்தே, மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்தியதால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். அந்த ஞாபகம் அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

"ஆர்யன்," என்றார், அலுவலகத்தில் பேசுகிற குரலில். "டெஸ்ட் பண்றவங்க சைன்-ஆஃப் குடுக்கலேன்னா ரிலீஸ் கிடையாது. நான் ஒரு தடவ மாத்திப் பண்ணியிருக்கேன். அவ பண்ண மாட்டா." பரிசுப் பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழில் சொன்னோமே என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஆர்யனுக்கும் ஏனோ மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நாகரத்தினம் அலமாரியைத் திறந்தாள். இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் பழைய கம்பிக் காயில். மற்றதில் ஆர்யன் சொன்னபடியே புதுக் கம்பியில் ஐந்து சுற்று. இரண்டுக்குள்ளும் நனைக்காத பஞ்சைச் செருகினாள். இரண்டுக்கும் ஒரே சூடு, நானூற்றிருபது ஃபாரன்ஹீட். பட்டனை அழுத்திப் பிடித்தாள். பழைய காயிலின் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. புதியதில் சில நொடிகளில் பஞ்சு பழுப்பாகி, ஓரம் கருத்து, தீய்ந்த நாற்றம் கிளம்பியது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகரத்தினம் நாலு தும்மல் போட்டாள்.

ஆர்யன் கருகிய பஞ்சை விரலில் எடுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்து, பதினெட்டுதான் தர முடியும், மிச்சம் அடுத்த வாரம் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னான். சாரி ஆன்ட்டி என்று அவன் சொன்னபோது அவள் சேலை மாற்றப் பின்னறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பார்ட்டிக்குப் போனபோது மணி ஆறு. கேக் வெட்டியாகிவிட்டது. நாகரத்தினம் தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் வரிசையில் நின்றாள். ஹாலின் அந்தப் பக்கம் பிச்சுமணியின் குரல் கேட்டது.

"என்னய்யா இவ்ளோ லேட்டு? டோல் ரோட்டுல டிராஃபிக்கா?"

"டிராஃபிக் எல்லாம் இல்லீங்க," என்றார் சேனாபதி. "ரத்தினம் வேல பாக்கற வேப் ஷாப்புல ஒரு பிரச்சனை."

பிச்சுமணியின் மனைவி ஸ்வர்ணா, கேசரிக் கரண்டியோடு திரும்பி நாகரத்தினத்தைப் பார்த்தாள். நாகரத்தினம் தலை குனியவில்லை.

"வேப் ஷாப்பா?" என்றார் பிச்சுமணி.

"ஆமாங்க. இவதான் அங்க காயில் சுத்தறது. டைட்டானியம். சாதாரண வேல இல்லீங்க அது. கம்பி ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது, கலப்புக் கம்பி ஆகாது. இன்னைக்கு முதலாளியே சொல்றான், சுத்துன்னு. இவ முடியாதுன்னுட்டா. அப்புறம் பாருங்க, பஞ்ச வெச்சு ஒரு டெஸ்ட் பண்ணுனா..." சேனாபதி இரண்டு விரல்களை நீட்டி, காற்றிலேயே கம்பியைச் சுற்றிக் காட்டினார். சுற்றிலும் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். "இப்படி மூணு மில்லிமீட்டர் குச்சியில எட்டுச் சுத்து சுத்தணும்."

"பத்துங்க," என்றாள் நாகரத்தினம் வரிசையில் நின்றபடியே, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "எட்டெல்லாம் நான் சுத்தறதில்ல."