படத்தில் மட்டும் கொடுத்த அண்ணாச்சி

1. முதல் நாள்

அருப்புக்கோட்டையில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்குச் சொன்னது இது.

"இந்தா பாரு பாக்கியம், கல்யாண பிளக்ஸுல மாப்பிள்ளை மூஞ்சி மங்கலா வந்தாக்கூட பொறுத்துக்குவாக. உபயம் குடுத்தவுக படம் சின்னதா வந்துச்சு, பிளக்ஸைச் சுருட்டிக் கொண்டாந்து நம்ம தலையிலயே போட்டுருவாக."

மனிதர் சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே ஒரு கோயில் அன்னதான பிளக்ஸ் வந்தது. சாமிக்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். மிச்ச இடமெல்லாம் அரிசி கொடுத்தவர், எண்ணெய் கொடுத்தவர், வாழையிலை கொடுத்தவர். எண்ணெய்க்காரர் படத்தைவிடத் தன் படம் சின்னது என்று வாழையிலைக்காரர் ஸ்கேலை வைத்து அளந்து காட்டிச் சண்டை போட்டார். சாமி பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் இல்லை. மழை ஏமாற்றின வருடத்திலும் கொடுப்பார்கள். கொடுத்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையில்தான் என் வீட்டு அடுப்பும் எரிகிறது, நான் குறை சொல்லக்கூடாது. இருந்தாலும் சொல்வேன்.

2. ஹரிணிக்காகப் போட்ட டிசைன்

பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற கோபி ஒரு நாள் மகள் படத்தோடு கடைக்கு வந்தார். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, பெயர் ஹரிணி. இதயத்தில் ஓட்டை. காப்பீட்டு அட்டையில் கிடைப்பது போக மீதியை மதுரை ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டும். அடுத்த மாதத்தைத் தாண்டவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலாளி காசு வாங்கவில்லை. நான் பிள்ளையின் படம், ஆஸ்பத்திரி விவரம், கோபியின் க்யூஆர் கோடு எல்லாம் வைத்து ஒரு டிசைன் போட்டேன். ஒன்றை பிளக்ஸாக அடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டினோம். அதையே வாட்ஸ்அப்பிலும் விட்டோம். பணம் வர ஆரம்பித்தது. வருகிற ஒவ்வொரு தொகைக்கும் கோபியின் போன் ஒரு சத்தம் போடும். தறிச் சத்தத்திலும் அது தனக்குக் கேட்கிறது என்றார்.

அதோடு விட்டார்களா? கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக எனக்கு போன் செய்தார்கள்.

"அக்கா, நான் குடுத்துட்டேன். என் படத்தப் போட்டு தனியா ஒண்ணு அனுப்பு. குரூப்புல போடணும்."

ஆளுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒன்றில் ஹரிணி ஸ்டாம்பு அளவுக்குச் சுருங்கிவிட்டாள். நூல் கடைக்காரர் கூலிங்கிளாஸ் மாட்டி, கும்பிட்டபடி முக்கால் படத்தை அடைத்துக்கொண்டு நின்றார். நோயாளி யார் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பியிருப்பார்கள். இப்படி ஊருக்குள் ஏகப்பட்ட படம் சுற்றியதில், நான் போட்டது எது, எவனோ போட்டது எது என்று யாரும் பார்க்கவில்லை.

3. சத்தம் நின்றது

பத்து நாள் போயிருக்கும். கோபி கடை வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, நாலஞ்சு நாளா ஒரு ரூவா வரல. கேட்டா, குடுத்தாச்சுப்பாங்கிறாக. நான் வசூல் பண்ணி வீட்டு லோனைக் கட்டிட்டேன்னு தறிப்பட்டறையில பேசுறாக. இன்னைக்கு ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாரு. பிள்ளைய வெச்சுப் பிழைக்கிறியான்னு."

கோபியை அழைத்துக்கொண்டு நேராக நூல் கடைக்குப் போனேன். கூலிங்கிளாஸ்காரர் நல்ல மனிதர், இந்த வாரம் இரண்டாவது தடவையும் கொடுத்ததாகச் சொன்னார்.

"அண்ணே, ரெண்டாவதா அனுப்புனீகளே, அதைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினார். பணம் போயிருந்தது யாரோ ஒரு டிரேடர்ஸ் பெயருக்கு. கோபி ஆயுசில் கேள்விப்படாத பெயர்.

"அனுப்பும்போது பேரு வந்திருக்குமே, பாக்கலையா?"

"பேரை எவன் பாத்தான். தொகையப் போட்டேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், குரூப்புல போட்டேன்."

தன் படத்தில் மீசை சரியாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த மனிதர். பணம் யாருக்குப் போகிறது என்று பார்க்க மட்டும் கண்ணாடி தேவைப்பட்டிருக்கிறது.

அவர் ஸ்கேன் செய்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே ஹரிணி, அதே எழுத்து. க்யூஆர் மட்டும் வேறு. மேலே பெருமாள்சாமி அண்ணாச்சி படம், 'ஐம்பதாயிரம் வழங்கிய வள்ளல்' என்ற வாசகத்தோடு. அண்ணாச்சிக்கு பரளச்சிப் பக்கம் நிலம், டவுனில் பருத்தி கமிஷன் கடை. அவருக்கு நான் எந்தப் படமும் போட்டுக் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சியே குடுத்திருக்காக, அவுகளே குரூப்புல அனுப்பியிருக்காக, அப்புறம் என்ன சந்தேகம்னுதான் திரும்பவும் அனுப்பினேன்" என்றார் நூல் கடைக்காரர். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள்.

கோபி ஓரமாகப் போய் மனைவிக்கு போன் போட்டு, வீட்டில் பேசுகிற தெலுங்கில் விஷயத்தைச் சொன்னார். முதலாளியை அங்கேயே வரச்சொல்லி, சைபர் கிரைமில் புகார் கொடுக்க அவரோடு கோபியை அனுப்பினேன்.

4. கமிஷன் கடை

நான் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். பருத்தி மூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஹரிணிக்கு நீங்க பணம் குடுத்தீகளா?"

"குடுக்கணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் தாயி இருந்தேன்."

"அம்பதாயிரம் குடுத்ததா படம் சுத்துதே."

"எவனோ பாசத்துல போட்டிருக்கான்."

"நீங்க குடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். படம் நல்லா வந்திருந்துச்சு. சொந்தபந்தம் பாக்கட்டுமேன்னு அனுப்பிவிட்டேன்."

வந்த கோபத்துக்கு அந்த வடைத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். இத்தனை வருடம் கஸ்டமரைப் பார்த்துச் சிரித்துப் பழகின வாய், அதனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"உங்க மூஞ்சிய நம்பி ஊரே அந்தக் களவாணிக்குப் பணம் அனுப்பியிருக்கு. கோபியத் திருடன்கிறாக. நான் இப்ப எல்லா குரூப்புலயும் ஒரு சேதி போடணும். அந்தப் படம் பொய், அண்ணாச்சி குடுக்கவே இல்லன்னு போடட்டுமா? இல்ல, அந்தப் படம் பொய், அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கே போயி நேரடியாக் கட்டிட்டாருன்னு போடட்டுமா? நீங்களே சொல்லுங்க."

பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது. அண்ணாச்சி வடையைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில மதுரைக்கு வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார் அவரிடம்.

மறுநாள் மதுரையில் ஆஸ்பத்திரி கவுண்டரில், ஹரிணியின் நோயாளி எண்ணைச் சொல்லி, ஐம்பதாயிரத்தையும் கட்டினார். நான் சேதி போட்டேன். கோபியைப் பேசிய பட்டறைக்காரர்கள் உட்பட, அதற்குப் பிறகு கொடுத்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டினார்கள். களவு போன பணம் இன்னும் வரவில்லை, புகார் மட்டும் பத்திரமாக இருக்கிறது. டாக்டர் சொன்ன கெடுவுக்குள் ஆபரேஷன் முடிந்தது. ஹரிணி கண் விழித்து இட்லி கேட்டாள் என்று கோபி போனில் சொன்னபோது, கடையில் கஸ்டமர் நிற்பதையும் மறந்து அழுதேன்.

5. நான் கற்றது

கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், கொடுங்கள். அனுப்புமுன் போனில் வருகிற பெயரை வாய்விட்டுப் படியுங்கள். வைத்தியத்துக்கு என்றால் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, அப்படி ஒரு நோயாளி உண்டா என்று கேட்டு, அங்கேயே கட்டுங்கள். ஆஸ்பத்திரி நம்பரையும் அந்தப் படத்திலிருந்தே எடுக்காதீர்கள். பெரிய மனிதர் படம் இருக்கிறதே என்று நம்பினால், அந்தப் பெரிய மனிதரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படம் போடுகிற தொழிலில் இருப்பவள் சொல்கிறேன், யார் படத்தையும் யாரும் எங்கேயும் ஒட்டலாம். ஐந்து நிமிட வேலை.

ஹரிணி வீடு திரும்பிய வாரம் பெருமாள்சாமி அண்ணாச்சி கடைக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரி ரசீது. இதைப் பெரிதாக வைத்து, பக்கத்தில் தன் படத்தோடு, பஸ் ஸ்டாண்டில் கட்டுகிற மாதிரி ஒரு பிளக்ஸ் வேண்டும் என்றார்.

"உங்களுக்குப் படம் ஏற்கனவே வந்தாச்சு அண்ணாச்சி" என்றேன். "இப்பத்தான் அதுக்குப் பணம் கட்டியிருக்கீக."